கைகோத்து நின்ற கோயில்

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாக்கெல்டன்காரர்கள் எல்லோரும் கைகோத்து எங்கள் கிறிஸ்தவக் கோயிலைச் சுற்றி நிற்போம். முகம் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். வளையம் மூடினால்தான் பாட்டு. எண்ணூறு வருடக் கல் கோயில். வளையம் மூடாமல் போன வருடம் எங்கள் யார் நினைவிலும் இல்லை. பக்கத்து ஊரான மிட்ஃபோல்டில் இதைவிடப் பெரிய கோயில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் கட்டிப்பிடிக்க அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இந்த வருடம் காய்ச்சலில் பாதித் தெரு படுத்துவிட்டது. கோயில் பொறுப்பாளனான நான் காலையிலிருந்தே தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வேடிக்கை பார்க்க மிட்ஃபோல்டிலிருந்து ஒரு கூட்டமே வந்து கேட்டில் சாய்ந்து நின்றது. முன்னால் என் தங்கை ஹெட்டியும் அவள் புருஷன் லெனார்டும். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டதிலிருந்து எங்களைக் கிண்டல் செய்வதில் அவள் அவனையே மிஞ்சிவிட்டாள்.

கைகளை நீட்டினோம். பாதிரியாரும் சேர்ந்துகொண்டார். தோள் கழன்றுவிடும்போல இழுத்தும், எனக்கும் கொல்லன் இனோக்குக்கும் நடுவே ஓர் ஆள் இடம் திறந்தே கிடந்தது. அதுவும் கேட்டுக்கு நேர் எதிரே.

"ஆளு பத்தலன்னா சொல்லுங்க மச்சான், எங்க ஊர்ல வண்டி வண்டியா இருக்காங்க" என்றான் லெனார்ட். கேட்டில் ஒரே சிரிப்பு.

ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டால் என்ன என்று பாதிரியார் மெல்லக் கேட்டார். ஊரில் குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் எங்கள் கோயில் தொட்டியில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும்; அதுதான் விதி. வேறு கை சேருவதைவிடப் பாட்டே வேண்டாம் என்றேன். இனோக் ஹெட்டியைப் பார்த்து எனக்குக் கண்ணைக் காட்டினான். அவளிடம் போய்க் கெஞ்சுவதா? திரும்பிச் சுவரையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏய், நீ எந்த ஊர்க்காரி?" இது லெனார்ட்.

"சமைக்கிறது உங்க ஊர்ல. பேரு வெச்சது இந்தக் கோயில் தொட்டியில. சும்மா இருங்க."

ஹெட்டி நடுவில் வந்து நின்று என் விரல்களை நெரித்தாள். "பல்லக் காட்டாத அண்ணே. ஒனக்காக வரல."

வளையம் மூடியது. பாட்டு எழுந்தது. முதல் அடியை விட்டுவிட்டு இரண்டாவதில்தான் நான் சேர்ந்தேன். ஹெட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே சுருதி சேராது. ஆனாலும் கேட்டுக்கு வெளியே இருந்த ஒவ்வொருவருக்கும் கேட்கட்டும் என்று அடிவயிற்றிலிருந்து பாடினாள். இவள் என் தங்கை என்று அந்த ஊருக்கே கத்திச் சொல்லவேண்டும் போலிருந்தது எனக்கு.