ஒன்பது கட்டப் போர்வை

பல் டாக்டரின் இரண்டாம் கல்யாணம் முடிந்த முதல் வாரத்திலேயே அவர் வீட்டுக் கட்டில் மூன்று போர்வைகளைத் தள்ளிவிட்டது. முரட்டுத்தனமாக அல்ல. தூங்குகிறவளின் தோளிலிருந்து மெல்ல உருவி, தரையில் நாலாக மடித்து வைக்கும். காலையில் புது மனைவி குளிரில் விழித்துப் பார்ப்பாள். மடிப்பு அவள் மடிப்பதைவிட நேர்த்தியாக இருக்கும். நூறு வயதான ஈட்டி மரக் கட்டில் அது. தலைமாட்டில் கொடி செதுக்கியது. அதே மரத்தில் ஓர் அலமாரியும், முட்டை வடிவக் கண்ணாடி பதித்த மேசையும் உண்டு. மூன்றையும் ஏலத்தில் எடுத்தவள் டாக்டரின் முதல் மனைவி. அவள் இறந்து மூன்று வருஷமாகிறது. அன்றிலிருந்து டாக்டர் கீழ்த்தளத்தில் தன் கிளினிக்கில், நோயாளிகளைச் சாய்த்து வைக்கும் நாற்காலியில்தான் தூங்குகிறார். மறுபடி கல்யாணமாகியும் நாற்காலியை விடவில்லை.

புது மனைவிக்கு வயது நாற்பத்தொன்று. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள். பழைய மரத்துக்குப் பூப்போட்ட பாலியெஸ்டர் ஒத்துவரவில்லை, விஷயம் அவ்வளவுதான் என்று முடிவு செய்து, துணித்துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கும் கடைக்குப் போனாள். கடைக்காரி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே விசாரித்தாள்.

"கட்டில் கால் உருண்டையா, சதுரமா?"

"உருண்டை. தலைமாட்டுல கொடி போகுது."

"அப்ப அலை டிசைன்தான். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

அலைப் போர்வையை மதியம் விரித்தாள். சாயங்காலத்துக்குள் அறையில் முழங்காலளவு தண்ணீர். உப்புக் கரித்தது. இழுப்பறைகள் தாமாகத் திறந்துகொள்ள, சீப்புகள் கண்ணாடியைச் சுற்றி மிதந்தன. கீழே கிளினிக்கில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. டாக்டர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து பார்த்தார். "சளி பிடிச்சுக்கப் போகுது, மேல ஏறி உக்காரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். விடிவதற்குள் தண்ணீர் வடிந்து, போர்வை மடிப்பாகத் தரையில் இருந்தது.

அடுத்து, வாத்துக் கூட்டம் போல முக்கோணங்கள் வரிசை கட்டிய போர்வை. மறுநாள் முக்கோணங்கள் ஜன்னல் வழியே பறந்து, எதிர்ச்சாரி மின்கம்பியில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் தெற்கே போய்விட்டன. மிஞ்சிய வெள்ளைத் துணியைக் கடைக்காரி திருப்பி வாங்கவில்லை. "பறந்ததுக்கு நான் பொறுப்பில்லம்மா." மூன்றாவது நட்சத்திரப் போர்வை. அதை விரித்த நாளிலிருந்து கூரை கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. தலையணையில் பனி இறங்கியது. கட்டில் அதையும் நாலாம் நாள் மடித்து வைத்தது.

நாத்தனார் வந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். "இத வித்துத் தொலைங்க. அவ உன்னை இருக்க விடமாட்டா" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் வழக்கம்போலக் கீழே இறங்கிப் போனதுதான் புது மனைவிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் கிளினிக் கதவைத் தாழிட்டு, அவரை நோயாளி நாற்காலியில் சாய்த்து, வாய்க்கு நேராக விளக்கைத் திருப்பினாள்.

"அக்கா என்ன போர்வை போட்டிருந்தாங்க? இப்பச் சொல்லலைன்னா வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். நிஜமாத்தான் சொல்றேன்."

டாக்டர் விளக்கைப் பார்த்தபடியே கிடந்தார். கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"ஒண்ணும் போடலை. கடைசி மூணு மாசம் உடம்புல எது பட்டாலும் அவளுக்கு வலி. குளிருதும்பா, போத்துவேன். வலிக்குதும்பா, எடுத்து மடிச்சுக் கீழ வெப்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. அவளோட பழைய காட்டன் நைட்டிங்க இருக்கே, துவைச்சுத் துவைச்சு நைஞ்சது, அது மட்டும்தான் தாங்கும்."

அவள் விளக்கை அணைத்தாள். கட்டில் யாரையும் விரட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அலுவலகத்துக்கு லீவு போட்டாள். தலைமாட்டின் மேல் டிரேசிங் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாள். கொடிக்கு அடியில், செதுக்கியவன் அடையாளத்துக்குக் கீறிவிட்டு அழிக்காமல் விட்ட கோடுகள் தெரிந்தன. மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். புதிதாகத் தைக்கப் பழகுகிறவர்கள் முதலில் தைக்கும் மாதிரி அதுதான். "இவ்வளவு சாதாரணமாவா? அந்தக் கட்டிலுக்கா?" என்று கடைக்காரிக்கே மனத்தாங்கல். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். மூத்தவளின் நைட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த பக்கமாகவே வெட்டினாள். பஞ்சு வைக்கவில்லை. தைத்து முடித்துச் சமையலறைத் தராசில் வைத்தபோது அரைக் கிலோகூட இல்லை.

மதிய வெயிலில் விரித்தாள். கட்டில் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து, "வலிச்சா சொல்லு" என்றாள். நான்கு கால்களும் ஒருமுறை முனகின. போர்வை அப்படியே கிடந்தது. டாக்டர் படியேறி வந்தார், செருப்போடு ஓரத்தில் படுத்தார், இரண்டு நாள் தூங்கினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் காத்திருந்த ஏழு பேருக்கும் அவள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள்.

வருஷக் கடைசியில் அளந்தபோது கட்டில் இரண்டு அங்குலம் அகலமாகியிருந்தது. வளர்ந்தது இருவருக்கும் நடுவில்தான், அந்த இடத்தில் மெத்தை இளஞ்சூடாக இருக்கும். அவள் போர்வையில் ஒரு வரிசை சேர்த்துத் தைத்தாள். பிறகு வருஷத்துக்கொரு வரிசை. ஆறாம் வருஷம் அலமாரியைக் கூடத்துக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் வருஷம் சுவரைத் தள்ளிக் கட்ட வந்த கொத்தனார், கட்டிலை ஒருமுறை பார்த்துவிட்டு, எவ்வளவு தள்ளணும் என்று மட்டும் கேட்டார்.

"மூணு பேருக்குத் தாராளமா இருக்கணும்" என்றாள் அவள். கொத்தனார் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தரையில் கோடு போட்டார்.