மருந்து வெச்சிகீது

"உள்ள மருந்து வெச்சிகீது, பாத்து" என்று மேஸ்திரி கிருஷ்ணசாமி சொன்னது சிட்டம்மாளிடம்தான். சொல்லும்போது அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவே செல்போன் வேறு. போகிற போக்கில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். பெருநகர் போகிற சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்த அந்தத் தனியார் நெல் குடோனில் சிட்டம்மாள் கூட்டுகிறவள். அவள் புருஷன் முனிரத்தினம் மூட்டை தூக்குகிறவன். குடோனில் எலித் தொல்லை தாங்காது. மருந்து என்றால் எலி மருந்து, வேறென்ன?

முனிரத்தினத்திடம் அவளே போய்ச் சொன்னாள். "இந்தாய்யா, உள்ள மருந்து வெச்சிகீதாம். டப்பாவ உள்ள எட்த்துக்கினு போவாத. கை கயுவாம சோத்துல கை வெக்காத."

வழக்கமாக அவன் உள்ளே மூட்டை மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவான். அன்றைக்குப் பெண்டாட்டி பேச்சைக் கேட்டு டிபன் டப்பாவை வேப்பமரக் கிளையில் மாட்டினான். தண்ணீர் பாட்டிலையும் வெளியிலேயே வைத்தான். லாரி வந்து நின்றுவிட்டது, மழைத் தூறலில் மற்ற ஆட்கள் வந்து சேரவில்லை. அவன் ஒருவனாக உள்ளே போய், மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாயை உருவினான். சாரல் பட்டு நெல் நனைந்துவிடக் கூடாதே என்று கதவைப் பாதி சாத்திக்கொண்டு மூட்டைகளை நகர்த்த ஆரம்பித்தான். அடுத்தவன் நெல் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

மூட்டை இடுக்குகளில் இருந்தது பூச்சியைக் கொல்கிற மாத்திரை. ஈரம் பட்டால் பூண்டு வாடையோடு விஷக் காற்றாகப் பரவும். அது அடங்கும்வரை ஆள் யாரும் உள்ளே காலெடுத்து வைக்கக்கூடாது. இதெல்லாம் சிட்டம்மாளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஓனருக்கும் மேஸ்திரிக்கும் முன்னாலேயே தெரியும்.

சாப்பாட்டு வேளைக்கு வெளியே வந்தவன், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினான். பிறகு ஞாபகம் வந்தாற்போல் இன்னொரு தடவையும் கழுவிவிட்டு உட்கார்ந்தான்.

"இன்னாமே, இன்னிக்கு பூண்டு கொயம்பா? உள்ள இருக்கசொல்லோவே மூக்குல ஏறுது."

"வெறும் ரசம்யா. பூண்டே போடல" என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் அவளுக்கு இப்போது வயிறு எரிகிறது. ரெண்டு வாய் சாப்பிட்டவன் வாந்தியெடுத்தான். நெஞ்சை அடைக்கிறது என்றான். ஷேர் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"மருந்து ஏதாவது குடிச்சாராம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். சிட்டம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எம் புருசன் இன்னாத்துக்கு மருந்து குடிக்கணும்? எங்க வூட்ல இன்னா கொறச்சலு? அதெல்லாம் ஒண்ணும் இல்ல!" என்று கத்திவிட்டாள். காலையில் தன் வாயாலேயே சொன்ன வார்த்தை அது என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. எப்படித் தோன்றும்? காலையில் அது எலிக்கு வைத்தது. ஆஸ்பத்திரியில் அது மனுஷன் சாகக் குடிப்பது. டாக்டர் நெஞ்சுவலிக்கென்று வைத்தியம் பார்த்தார். மறுநாள் முனிரத்தினம் போய்விட்டான்.

உடம்பில் விஷம் இருந்ததென்று போஸ்ட்மார்ட்டத்தில் தெரிந்ததும் ஓனர் தரப்புக்கு வாய் முளைத்தது. குடும்பத் தகராறாம், மருந்தைக் குடித்துவிட்டானாம். டீக்கடையில் கிளப்பிய பேச்சு பள்ளிக்கூடம்வரை போயிற்று. "ஒங்கப்பா ஏன்டி மருந்து குடிச்சாருன்னு கேக்குறாங்கம்மா" என்று மகள் நிஷா பையை வீசிவிட்டுப் படுத்தவள், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை.

இந்த நிலையில்தான் தொழிற்சாலை ஆய்வாளர் சசிரேகா விசாரணைக்கு வந்தார். சிட்டம்மாளின் தம்பி கலைச்செல்வன் முதல் நாளே வந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "யாரும் எங்களுக்கு ஒண்ணும் சொல்லலன்னு அடிச்சி சொல்லுக்கா. சொன்னாங்கன்னு ஒத்துக்கினா தப்பு நம்ம மேல வந்துரும்." அவளும் தலையாட்டியிருந்தாள்.

குடோன் வாசலில் மேஸ்திரி முந்திக்கொண்டார். "சொல்லாம இன்னா மேடம்? இந்தம்மாகிட்டயே சொன்னேன். கேட்டுப் பாருங்க."

சிட்டம்மாள் வாயைத் திறந்தாள். எதிரே வேப்பமரக் கிளை தெரிந்தது. யாரும் சொல்லவில்லை என்றால் அவன் டப்பாவை அங்கே மாட்டியது எதற்காக என்று ஆகும்? உயிர் மேல் அவன் வைத்த ஆசைக்கு அதைவிட்டால் வேறு சாட்சி ஏது?

"சொன்னாரும்மா" என்றாள். "மருந்து வெச்சிகீதுன்னு சொன்னாரு. அதுக்கோசரம்தான் எம் புருசன் டப்பாவ அந்தக் கெளையில மாட்டினாரு. சோப்பு போட்டு ரெண்டு வாட்டி கை கயுவினாரு. சாவணும்னு நெனைக்கிறவன் கை கயுவிட்டு சாப்புடுவானாம்மா?"

சசிரேகா அந்தக் கிளையைப் பார்த்தார். பிறகு மேஸ்திரி பக்கம் திரும்பினார். "என்ன மருந்து, அது காத்துல பரவும், உள்ள போகக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

"மருந்துன்னா தெரியாதா மேடம்?"

"தெரியாது. தெரியற மாதிரி சொல்றது ஓனரோட கடமை. நீங்க சொன்னது சட்டப்படி சொன்னதாவே ஆகாது."

முனிரத்தினம் மருந்து குடிக்கவில்லை என்பது எடுபட்டுவிட்டது. நிஷா இனி பள்ளிக்கூடம் போகலாம். சிட்டம்மாளுக்கு அதைக் கேட்டு ஆறுதல் வந்திருக்க வேண்டும். அவளோ மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"காத்துன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா அவரு உள்ளயே போயிருக்க மாட்டாரு. போயிருந்தாலும், அந்த டாக்டரு கேட்டப்ப நான் இல்லன்னு சொல்லியிருக்க மாட்டனே..."