பக்கிரிசாமியின் கிட்டார்

சுங்கை வே தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த தங்கமணிக்குப் பாடகர் ஜெயசீலன் மேல் துளி ஆசை கிடையாது. அவருக்குப் பின்னால் நின்று கிட்டார் வாசிக்கும் மேரு பக்கிரிசாமிதான் அவளுக்கு உயிர்.

"புதுப் பாட்டு தொடங்குறப்ப ஒரு கிட்டார் வருதே, அது போதும் லா. அப்புறம் இவரு பாடினா என்ன, பாடாட்டி என்ன?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஜெயசீலன் கட்சி.

ஆனாலும் அந்தப் பாட்டை ரேடியோவில் போடவே மாட்டேன் என்கிறார்களே என்ற கோபத்தில் இருவரும் ஒன்று சேர்ந்தோம். எங்கள் பிரிவில் இருந்த அத்தனை பெண்கள் பேரிலும் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டோம்.

சனிக்கிழமை மதியம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அறிவிப்பாளர் அந்தப் பாட்டைச் சொன்னார். கிட்டார் தொடங்கியது. கூடவே அவரும் தொடங்கினார்.

"விரும்பிக் கேட்பவர்கள், சுங்கை வேயிலிருந்து நல்லம்மாள், ராஜேஸ்வரி, இந்திரா..."

ஒரு பேர் விடவில்லை மனிதர். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மேசை கூச்சல் போட்டது. கடைசியாகத் தங்கமணி பேர் வந்தது. அதோடு கிட்டாரும் முடிந்து ஜெயசீலன் பாட ஆரம்பித்தார்.

"போச்சா உன் கிட்டாரு? நாம எழுதின பேருங்களே முழுங்கிடுச்சு," என்றேன். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

தங்கமணி கையில் சோற்றோடு ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இத்தன நாளா ஜெயசீலனுக்குத்தான் வாசிச்சாரு," என்றாள். "இன்னைக்கு என் பேருக்கு வாசிச்சிருக்காரு லா."