தோங், அவரிடம் சொல்லு

எங்கள் ஊரில் கல்யாணம் என்றால் மணமக்களின் கட்டிலுக்கு மெத்தை விரிக்க என்னையும் என் வீட்டுக்காரர் பிரயூனையும்தான் கூப்பிடுவார்கள். விரிப்பவர்கள் ஒற்றுமையான தம்பதியாக இருக்க வேண்டும். பிள்ளைகள் கரை சேர்ந்திருக்க வேண்டும். வீட்டில் சண்டைச் சத்தம் கேட்கக் கூடாது. அந்தக் கடைசித் தகுதியில் எங்களை மிஞ்ச, தாய்லாந்தில் எங்கள் மேக்லாங் ஆற்றின் இரண்டு கரையிலும் ஆள் கிடையாது. சத்தம் எப்படிக் கேட்கும்? நாங்கள் பேசிக்கொள்வதை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். புது வருஷத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். நான் வைத்த கானாங்கெளுத்திக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்க அக்கா கைப்பக்குவம் உனக்கு வரல" என்றார். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், வெட்கப்பட்டாள் வேறு. அன்றைக்கு வாயை மூடினேன். அவர் மன்னிப்புக் கேட்டால் திறக்கலாம் என்று நான் இருந்தேன். நான் முதலில் பேசினால் பதில் பேசலாம் என்று அவர் இருந்தார். இரண்டு பேருக்குமே பொறுமை ஜாஸ்தி.

ஆனாலும் குடித்தனம் என்று ஒன்று இருக்கிறதே. தண்ணீர் மோட்டார் போட வேண்டும், கேஸ் தீர்ந்துபோகும், மகள் போன் செய்வாள். அதற்கெல்லாம் தோங் இருந்தான். ஆரஞ்சு நிறக் கிழட்டுக் கடுவன் பூனை. கன்னம் இரண்டும் உப்பி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் மாதிரி இருப்பான்.

"தோங், சோறு ஆயிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லு" என்பேன், அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க.

"தோங், மானம் கறுத்துக்கிட்டு வருது, கொடி நெறைய துணி காயுதுன்னு அந்தம்மாகிட்ட சொல்லு" என்பார் அவர்.

தோங் எந்தச் சேதியையும் யாரிடமும் சொன்னதில்லை. முன்காலை நீட்டி, விரல் விரலாக நக்கி, அதை முகத்தில் தேய்த்து, பிறகு நாங்கள் இருவரும் இல்லாத திசையாகப் பார்த்துப் படுத்துக்கொள்வான். ஆனால் சம்பளம் மட்டும் இரண்டு பக்கமும் வாங்கினான். காலையில் நான் அவனுக்கு மீன் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போவேன். ஒரு நாள் குடையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தால், அவன் என் வீட்டுக்காரர் காலடியில் சுருண்டு, பிறந்ததிலிருந்து பட்டினி கிடப்பவன் போல அழுகிறான்.

"அந்தம்மா உனக்கு ஒண்ணுமே போடலையா?" என்று கேட்டார் அவர்.

அவன் இன்னொரு தரம் அழுதான்.

"போடலையாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவர் இரண்டாவது மீனை எடுத்தார். நான் என்ன செய்ய? தடுத்துச் சொல்ல எங்களுக்குள் பேச்சு இல்லை. திருட்டைத் திருடனிடமே சொல்லி அனுப்பவா முடியும்?

இப்படி இருக்கையில்தான் ஐஸ் ஆலைக்காரி கிங்கேவ் வீட்டுக்கு வந்தாள். அவள் மகள் பிம்முக்குக் கல்யாணம்.

"பெரியம்மா, கட்டில்ல பூனை பொம்மைய வைக்கிற சோலியே நம்மகிட்ட கிடையாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாங்காக்கு. எல்லாம் பழைய முறைப்படி பாக்கணும்னு ஆசைப்படுறாங்க. உங்க தோங் மாதிரி வீட்டையே சுத்திச் சுத்தி வர்ற நெசப் பூனையா வேணும்."

கட்டிலில் பூனையைக் கிடத்துவது, அதைப் போல மாப்பிள்ளையும் வீடு தங்குவார் என்பதற்காக. தோங் வீடு தங்குவது மீன் வேளைக்கு மட்டும்தான். மற்ற நேரம் அவன் எந்தக் கூரைமேல், எவள் பின்னால் என்பதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

"பெரியப்பா என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் கிங்கேவ்.

"தோங்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். "அவருக்கும் சம்மதம்தான்மா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெத்தை விரிக்கப் போவது எனக்குப் பிடிக்கும். விரித்து முடித்ததும் நாங்கள் இருவரும் அதில் படுத்து, 'சுகமான மெத்தை, இதில் படுப்பவர்கள் குறைவில்லாமல் வாழ்வார்கள்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உலகத்தில் அந்த ஓர் இடத்தில்தான் அவர் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு பூனையின் பெயரைச் சொல்லாமல் பேசுவார். மேலே விட்டத்தைப் பார்த்துத்தான் பேசுவார், இருந்தாலும் ஒவ்வொரு கல்யாணத்திலும் காத்திருப்பேன். ஒரு தடவையாவது இந்தப் பக்கம் திரும்பி, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? கூலியாக எனக்கு அது போதும்.

கல்யாணத்தன்று தோங்கைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கழுத்தில் மல்லிகைச் சரம் கட்டினோம். குளிப்பாட்டியதற்கு என் முன்கையில் நாலு கோடு சாட்சி. கட்டிலில் நெல், எள், மழைத் தண்ணீர்ச் செம்பு, நீர்ப்பூசணி, அம்மிக்கல் எல்லாம் தயாராக இருந்தன. அறை முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு செல்போன். மைக்கில் பேசுவதற்கென்றே பாங்காக்கிலிருந்து ஒருத்தனை வரவழைத்திருந்தார்கள். கூடையைத் திறந்ததும் தோங் இறங்கி, மடத்துப் பெரிய சாமியார் பிச்சைக்குப் போகிற நிதானத்தில் பட்டு விரிப்பின் நடுவே நடந்தான். கூட்டம் சொக்கிப்போனது. அடுத்த நிமிஷம் விரிப்பில் நகத்தைப் பதித்து வரக் வரக்கென்று இழுத்தான்.

"பட்டைப் பறிக்குது. பணமாக் கொட்டும்" என்றாள் கிங்கேவ்.

எள் தட்டைக் கவிழ்த்தான். பிள்ளை குட்டி பெருகும் என்றாள். பூசணிக்காயின் மேல் பின்பக்கத்தைத் தேய்த்தான். அதற்கும் ஒரு பலன் வைத்திருந்தாள். அவன் அங்கே வேறு எதைச் செய்திருந்தாலும் சொத்து சேரும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

நாங்கள் படுத்தோம். நடுவில் தோங். வாழ்த்தை எப்போதும் போல விட்டத்தைப் பார்த்துச் சொல்லி முடித்தோம். எழுந்திருக்கப் போனபோது மைக்குக்காரன் குறுக்கே வந்தான்.

"பெரியப்பா, அப்படியே பெரியம்மா பக்கம் திரும்பி, மனசுல இருக்கறத ஒரு வார்த்தை சொல்லுங்க. பொண்ணு மாப்பிள்ளை கேட்டுக்கட்டும்."

அவர் திரும்பினார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். புருவம் நரைத்திருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"தோங்" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஐயோ அழகு என்றாள் மணப்பெண் பிம்.

"தோங், அவகிட்ட சொல்லு. அன்னைக்கு நான்..."

அந்த நேரம் பார்த்துச் சமையல்கட்டில் யாரோ மீனைப் போட்டார்கள். சொய்யென்று சத்தம் வந்ததும் தோங் என் வயிற்றை மிதித்துத் தாவி, மல்லிகைச் சரத்தோடு ஓடிவிட்டான். என் வீட்டுக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது. ஒரு முறை என்னைப் பார்த்தார், காலியாகிவிட்ட நடு இடத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா, பேச்சே வரல. அவ்வளவு அன்பு" என்றான் மைக்குக்காரன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மைக்கைப் பிடுங்கி அவன் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது எனக்கு.

மூன்று ராத்திரி பூனை மணமக்கள் அறையிலேயே இருந்தால் நல்லது என்று சொல்லி, தோங்கை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். நாங்கள் மட்டும் வீட்டுக்கு வந்தோம்.

நாலு வருஷமாகப் பேசாமல் இருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். அது பொய். பேசாமல் இருப்பது என்றால் என்ன என்று இப்போதுதான் தெரிந்தது. சோறு ஆனதை யாரிடமும் சொல்ல வழியில்லை, தட்டைச் சத்தமாக வைத்தேன். மழை வந்தது, துணி நனைந்தது. மானம் கறுத்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 'தோங்' என்று ஆரம்பித்து, ஆள் இல்லையே என்று கொல்லைப்பக்கம் போய்விட்டார். எனக்குப் பயமாக இருந்தது. எனக்கும் இவருக்கும் நடுவில் மிச்சம் இருந்ததே ஒரு பூனைதானோ என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதேன்.

மூன்று ராத்திரியும் முடிந்த காலையில் அவர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. தோங்குக்கு மீன்கூட எடுத்து வைத்தேன். ஆனால் போன வேகத்தில் திரும்பி வந்து, கூடையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கூடையைத் திறந்து பார்த்தேன். காலி.

"பூனை எங்க?" என்றேன்.

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டேன் என்று உறைத்தது. அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"நான் அங்க போகவே இல்ல. தெருமுனையில ஒரு காப்பி குடிச்சுட்டு வந்துட்டேன்."

"அப்பறம் எதுக்குக் கூடை?"

"காலிக் கூடையோட வந்தா நீ கேக்காம இருப்பியா?"

கூடையை எடுத்து எறிந்தேன். குறி தப்பியது. "என்னை மொதல்ல பேச வச்சுட்டீங்க இல்ல? நாலு வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தீங்களா?"

"வாயத் தைச்சுக்கிட்டது நீ."

"மன்னிப்புக் கேட்டா தையல் பிரிஞ்சிருக்கும்."

"கட்டில்ல கேக்கத்தான்டி வாயத் திறந்தேன். பூனை எந்திரிச்சுப் போயிடுச்சு."

"பூனை போனா என்ன? நான் அங்கயேதானே படுத்துக் கிடந்தேன்."

அவர் எழுந்து, நான் எறிந்த கூடையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஆமா, சம்ருவாய்" என்றார். "நீ அங்கதான் இருந்த."

என் பெயரைக் கேட்டதும் கோபம் குறைந்திருக்க வேண்டும். கூடிப்போனது. சேர்த்து வைத்த நாலு வருஷத்தையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அவரும் சளைக்கவில்லை. குழம்பிலிருந்து மோட்டார் வரைக்கும், மோட்டாரிலிருந்து என் அக்கா வரைக்கும் போய்க்கொண்டிருந்தபோது, வாசலில் கிங்கேவ் நிற்பதைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது.

"பெரியம்மா, சத்தம் கோயில் வரைக்கும் கேக்குது. எம் பொண்ணுக்கு மெத்தை விரிச்சவங்க நீங்க."

"நீ எதுக்கு வந்த, அதச் சொல்லு" என்றார் அவர்.

"தோங்க இன்னும் ஒரு வாரம் வச்சுக்கலாமான்னு பிம் கேக்கச் சொன்னா. அவ்வளவு ராசி அது. மூணு நாளா வீட்டுல ஒரு சின்ன மனஸ்தாபம் இல்ல, ஒரு சத்தம் இல்ல. உங்களப் பாத்துக் கத்துக்கிட்டாங்களாம். எதுன்னாலும் ரெண்டு பேரும் பூனைகிட்டதான் சொல்லிக்கறாங்க."

நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"போய்ப் பூனைய உடனே தூக்கிட்டு வா" என்றோம், இரண்டு பேரும் ஒன்றாக.