குடான்ஸ்கில் கோல்மனின் கட்டைவிரல்

விமானம் குடான்ஸ்கில் நிற்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. அயர்லாந்தில், எங்கள் கிளேர் மாவட்டத்தில், என் கணவன் கோல்மனின் கால் நகத்தை வெட்டப் பதினாறு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். இங்கே போலந்தில் இன்று வெட்டி நாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்! இன்னும் ஐந்து வாரத்தில் மூத்தோர் நடனப் போட்டி. மூன்று தடவை இரண்டாம் இடத்தில் நின்றவன் அவன். அறுபத்து மூன்று வயதில் ஒரு வருஷம் விட்டால் அப்புறம் ஆடவே மாட்டான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் யத்விகா அவன் வலது காலைத் தூக்கிப் பார்த்தார். நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி, கட்டைவிரல் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"எவ்ளோ வலிக்குது? பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"அட, பரவாயில்ல டாக்டர்."

"நம்பர் சொல்லுங்க."

"ரெண்டு... ஒண்ணரைன்னு வச்சுக்கோங்களேன். உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

டாக்டர் பேனாவை மூடினார். "அப்ப இப்போதைக்கு வெட்ட வேணாம். வெந்நீர்ல ஊற வச்சு, நகத்தோரம் பஞ்சு வைங்க. நீங்க கிளம்பலாம்."

"ரொம்ப நல்லது," என்று அந்த மடையன் சாக்ஸைக் கையில் எடுத்தான்!

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "டாக்டர், எங்க ஊர்ல 'பரவாயில்ல'ன்னா உயிர் போகுதுன்னு அர்த்தம். இவரோட அண்ணன் 'பரவாயில்ல, பரவாயில்ல'ன்னு சொல்லிக்கிட்டேதான் செத்தாரு!"

"பிரீடா, சும்மா இரு. அவங்களைத் தொந்தரவு பண்ணாத."

"வலி அவரோடது," என்றார் டாக்டர். "அவர்தான் சொல்லணும்."

சொல்ல மாட்டான். வாயைத் திறந்து கேட்டால் சாகும்வரை சொல்ல மாட்டான். அதனால் நான் அவன் காலிடமே கேட்டேன். நாற்காலியில் தட்டிக்கொண்டு, அவன் போட்டியில் ஆடும் மெட்டை வாயாலேயே பாட ஆரம்பித்தேன். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்! அந்த மெட்டைக் கேட்டு அவன் உட்கார்ந்திருந்ததே கிடையாது. முதலில் குதிகால் தட்டியது. அப்புறம் எழுந்தே விட்டான். மெட்டு திரும்பும் இடத்தில் வலது காலை ஓங்கித் தரையில் அடித்தான்.

அப்படியொரு அலறலை நான் கேட்டதில்லை.

டாக்டர் ஓடிவந்து அவனைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பத்து," என்றான் குனிந்தபடி. "பத்து, டாக்டர். ரெண்டு வருஷமா."

இரண்டு வருஷமா! பக்கத்திலேயே படுத்திருந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

விரலின் அடியில் இரண்டு ஊசி போட்டார்கள். அதற்குள் என் விரல்களை நசுக்கிவிட்டான். கால்மணி நேரத்தில் புதைந்திருந்த நகத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்து, அந்த ஓரம் மறுபடி வளராதபடி வேரில் மருந்து தடவினார் டாக்டர்.

"அஞ்சு வாரத்துல ஆடலாமா?" என்று நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"புண்ணைச் சுத்தமா வச்சுக்கிட்டா, தாராளமா ஆடலாம்."

நான் நர்ஸைக் கட்டிக்கொண்டேன். "போட்டி எப்படியோ போகட்டும் கோல்மன், நீ மேடை ஏறினாப் போதும்!"

எந்த நடனப் போட்டிக்கும் "சும்மா தலையக் காட்டிட்டு வரேன்" என்றுதான் அவன் கிளம்புவான். முப்பத்தைந்து வருஷமாக நானும் அதை நம்பியிருந்தேன்.

"போதாது, பிரீடா," என்றான். "நான் ஜெயிக்கணும்."