அப்பா கரடி

அப்பாவின் உடம்போடு வந்த ரெக்சின் பையை இலக்கியா தரையில் கவிழ்த்தாள். இரண்டு சட்டை, ஒரு துண்டு, பீடிக்கட்டு. உளுந்தூர்பேட்டையில் இன்னொருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய அப்பா சேர்த்துவைத்தது அவ்வளவுதான். "கட்டினவ வூட்டுக்கே எடுத்துக்கினு போங்க" என்று அந்தப் பொம்பளை வண்டி ஏற்றிவிட்டாளாம்.

வாசல் பந்தலில் அப்பா சுப்புராயன் நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் அம்மா இருசம்மாளை உட்காரவைத்து, கை நிறைய வளையலும் தலை நிறையப் பூவும் போட்டிருந்தார்கள். காரியத்தன்று கழற்றுவதற்காக இன்றைக்குப் போடுவது. விட்டுவிட்டுப் போனவருக்கு இது ஒரு கேடா என்று இலக்கியா சண்டை போட்டுப் பார்த்தாள். "நாலு பேரு பாக்கறாங்க, சும்மா இருடி" என்று அம்மா முடித்துவிட்டாள்.

துண்டை உதறியபோது அந்தப் புத்தகம் விழுந்தது.

அவளுடைய கரடிப் புத்தகம். எழுத்துத் தெரியாத வயசில் அவளை மடியில் வைத்துக்கொண்டு அப்பா கதை சொல்லுவார். கல்வராயன் மலையில் தேன் எடுப்பது அப்பா கரடி. மழையில் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அப்பா கரடி. அம்மா பாத்திரம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் ஓடிப்போன மறுநாள், அவரைவிட இந்தப் புத்தகத்தைத் தேடித்தான் இலக்கியா அதிகம் அழுதாள்.

முதல் பக்கத்தில் பச்சை கிரேயானில் 'சுபஸ்ரீ' என்று கோணல் எழுத்து. அங்கேயும் ஒரு பெண், அவளுக்கும் இதே கதை. இந்த வயசிலும் இலக்கியாவுக்கு வயிறு எரிந்தது.

முதல் தடவையாக எழுத்தைப் படித்தாள். 'அம்மா கரடி தேன் எடுக்கப் போனது.' புரட்டினாள். 'அம்மா கரடி குட்டியைத் தூக்கிக்கொண்டது.' கடைசிவரை அம்மா கரடிதான். அப்பா கரடி என்று ஒன்று அதில் இல்லவே இல்லை.

சித்தப்பா காசிநாதன் எட்டிப் பார்த்தார். "தூக்கற நேரமாச்சு. அண்ணனுக்குப் புடிச்சது எதுனா குடும்மா, கூட வச்சிப் பொதச்சிடலாம். அந்தப் பொஸ்தகத்த குடு. எப்பவும் கையிலயே வச்சிக்கினு இருப்பாராம்."

"பீடிக்கட்ட வைங்க சித்தப்பா. இது அவருது இல்ல."

புத்தகத்தோடு போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எம்மா, இதுல அப்பா கரடியே கெடையாதும்மா. எல்லாம் அம்மா கரடி. பொய் சொல்லிக்கினு இருந்திருக்காரு."

இருசம்மாள் பிணத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "தெரியும்டி."

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே?"

"நடுப் பக்கத்த பாரு."

கரடி படுத்திருந்தது. குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. குட்டியின் வாய் இருந்த இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு அழுக்கேறிக் கறுத்திருந்தது. கதை சொல்லும்போது அவர் விரல் அங்கேதான் இருக்கும்.

"அவரு வேலைக்குப் போனப்ப பாத்தேன். பாலு குடுக்குறது ஆம்பள கரடியா?"

"அப்பவே சொல்றதுக்கு இன்னாம்மா?"

"சொன்னா நம்பியிருப்பியா நீ? எங்கப்பா கரடின்னு எங்கிட்டயே சண்டைக்கு வந்திருப்ப."

வாய்க்கரிசி போட மகளைக் கூப்பிட்டார்கள். இலக்கியா எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள்.

இருசம்மாள் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, அந்த அழுக்கைத் தேய்க்கத் தொடங்கினாள். புது வளையல்கள் குலுங்கின. அவள் குனிந்து குலுங்குவதைப் பார்த்த பெண்கள், அழுகிறாள் என்று தள்ளி நின்றார்கள்.

பாடையைத் தூக்கும்வரை தேய்த்தாள். அழுக்கு போகவில்லை.