இருபத்தேழு என்று ஒரு ஸ்டேஷன்

"அட, அது செத்த வில்லைம்மா! ரெண்டு மாசமா அங்கதான் தொங்குது. உனக்குத் தெரியாததா?"

இன்ஜினியர் போனிலேயே சிரித்துவிட்டார். வில்லைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. 

"சார், செருப்பு இருக்கு சார்."

"என்ன செருப்பு?"

"ஒரு ஜோடி. கழட்டிவெச்சு பூட்ஸ் மாத்துற ஸ்டாண்டுல. எல்லாரும் போயாச்சு, இது மட்டும் கிடக்கு."

"எவனாவது பூட்ஸோடயே பஸ் ஏறியிருப்பான். இந்தா பாரு, மணி மூணே முக்கால். நாலு மணிக்குக் கரண்ட் விடணும். பெரிய ஆளுங்கெல்லாம் வந்து உக்காந்திருக்காங்க. 'சுரங்கம் காலி'ன்னு கையெழுத்துப் போட்டது நீதானே?"

நான்தான். கையெழுத்துப் போட்ட ஏடு அவள் முன்னால் திறந்தே கிடந்தது.

அவள் உட்கார்ந்திருந்தது மெட்ரோ சுரங்கத்தின் வாசலில் இருந்த தகரக் கூண்டில். எதிர்ச் சுவரில் ஒரு பலகை, நடுவே சிவப்புக் கோடு. இடப்பக்கம் 'வெளியே', வலப்பக்கம் 'உள்ளே'. ஆளுக்கொரு பித்தளை வில்லை, அதில் ஓர் எண். கீழே இறங்குகிறவர் தன் வில்லையை வலப்பக்கம் மாட்டுவார், ஏறி வந்ததும் இடப்பக்கம் மாற்றுவார். வலப்பக்கம் ஒரே ஒரு வில்லை தொங்கினாலும் தண்டவாளத்தில் மின்சாரம் விடக்கூடாது. அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. அதனால்தான் எல்லோருக்கும் அவள் வில்லைக்காரி.

இருபத்தேழாம் எண் ஒரு வெல்டருடையது. மேஸ்திரியோடு சண்டை போட்டுக்கொண்டு, அடுத்த குழி வழியாக ஏறி, அப்படியே வேலையை விட்டுப் போனவன். வில்லை வலப்பக்கத்திலேயே நின்றுவிட்டது. "இருபத்தேழத் தவிர எல்லாம் காலி" என்று தினமும் ஒப்பிப்பார்கள். சுவரில் விழுந்த கறை மாதிரி, நாளாக ஆக அவள் கண்ணிலேயே அது படுவதில்லை.

அன்று மதியம் மேஸ்திரி, வாய் நிறையச் சோற்றோடு, கூண்டைத் தாண்டிப் போகும்போது சொன்னார்: "உன் இருபத்தேழுக்கு உயிர் வந்துடுச்சும்மா!"

"அப்போ பேய்க்கும் பூட்ஸ் குடுத்தாச்சா?" என்று இவளும் கேட்டாள். இருவரும் சிரித்தார்கள். மூன்று மணிக்கு அவள் கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பேச்சின் அர்த்தம் இப்போதுதான், செருப்பைப் பார்த்த பிறகுதான், மண்டையில் ஏறியது. நேற்று ஒரு புது பிட்டர் சேர்ந்திருந்தான், பம்பு வேலைக்கு. அவனுக்கு இன்னும் வில்லை அடித்து வரவில்லை. மேஸ்திரி இருபத்தேழை அவனுக்குக் கொடுத்திருக்கிறார். அதுதான் ஏற்கெனவே உள்ளே தொங்குகிறதே, மாற்றி மாட்டவும் தேவையில்லை. யாருக்கும் எந்த வேலையும் மிச்சம் வைக்காத ஏற்பாடு!

மேஸ்திரியின் போன் அணைந்து கிடந்தது. இன்ஜினியர் மறுபடி எடுக்கவில்லை. மணி மூன்று நாற்பத்தெட்டு.

அவளுக்கும் ஒரு வில்லை உண்டு. எண் ஒன்று. ஒருநாளும் அவள் கீழே இறங்கியதில்லை என்பதால் அது இடப்பக்கத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. எழுந்தாள். அதைக் கழற்றி வலப்பக்கம் மாட்டினாள். வாக்கிடாக்கியை அழுத்தினாள்.

"சார், என் வில்லை உள்ளே இருக்கு. நான் இறங்குறேன். இனி உங்க இஷ்டம்."

பதிலுக்கு 'கர்ர்' என்றது. அவர் காதில் விழுந்ததா, விழவில்லையா?

அறுபத்திரண்டு படி. யாருடையதோ ஒரு ஜோடி பூட்ஸ், காலைவிட இரண்டு அளவு பெரியது, ஒவ்வொரு படியிலும் 'தொப் தொப்' என்றது. கீழே ஈரச் சிமெண்ட் நாற்றம். டார்ச் வெளிச்சத்தில் தண்டவாளங்கள் பளபளத்தன. ஓரமாக ஓடும் மூன்றாவதில்தான் ரயிலுக்கான மின்சாரம் பாயும், ஆளைத் தின்பது அதுதான். அதில் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஓடாதபோதும் அது அப்படியேதான் கிடக்கும், ஓடும்போதும் அப்படியேதான் கிடக்கும்.

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடந்தாள். கத்திக் கூப்பிடலாம் என்றால் அவன் பெயர் தெரியாது.

"இருபத்தேழு!" என்று கத்தினாள். "ஏ இருபத்தேழு!"

சுரங்கம் அதை வாங்கி உருட்டிக்கொண்டே போயிற்று. பதில் இல்லை. வாக்கிடாக்கி செத்துவிட்டிருந்தது. இந்நேரம் விட்டிருப்பார்களோ? கடிகாரங்கள் எல்லாம் ஒரே மாதிரியா ஓடுகின்றன? இன்ஜினியரின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால்?

பாதி கட்டிய நடைமேடைக்கு அடியில், பம்பு அறையில், விளக்கு தெரிந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் அந்த ஆள் முதுகைக் காட்டியபடியே வெளியே வந்தான். காதில் சத்தம் தடுக்கும் மூடி. தோளில் நீளமான இரும்புக் குழாய். அதன் மறுமுனை ஆடி ஆடி, மூன்றாவது தண்டவாளத்துக்கு மேலே ஒரு முழம்... ஒரு சாண்...

கத்தினால் கேட்காது. ஓடினால் எட்டாது. காலை உதறினாள், பூட்ஸைக் கையில் எடுத்தாள், வீசினாள். நடு முதுகில் விழுந்தது.

அவன் திரும்பி, மூடியை நகர்த்தினான். "யாருக்கா நீங்க? எதுக்கு அடிக்கிறீங்க?"

"அசையாத! அந்தக் குழாயை மேல தூக்கு. மேல! கரண்ட் விடப்போறாங்க!"

அவன் முகம் வெளுத்தது டார்ச் வெளிச்சத்திலேயே தெரிந்தது. குழாயை நிமிர்த்திச் சுவர்ப்பக்கம் சாய்க்க ஒரு யுகம் ஆனது. இருவரும் பம்பு அறைப் படியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். மணி மூன்று ஐம்பத்தொன்பது.

"இப்ப கரண்ட் இருக்காக்கா, இல்லையா?"

"தெரியாது."

"படிக்கட்டு வரைக்கும் ஓடிடலாமா?"

"வேணாம். இங்கயே நில்லு."

"உள்ள ஆள் இருக்குறது யாருக்கும் தெரியாதா?"

அவள் டார்ச்சைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பினாள். நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. மணி நான்கு ஆனது. நான்கு மணி ஐந்து நிமிடம் ஆனது. எங்கோ ஒரு சொட்டு விழும்போதெல்லாம் அவன் துள்ளினான்.

தூரத்தில் வெளிச்சம் ஆடியது. யாரோ தடுக்கி விழுந்து எழுந்து ஓடிவரும் சத்தம். "இருபத்தேழு! இருபத்தேழு!" இன்ஜினியரின் குரல், தொண்டை கிழிய.

கிட்டே வந்ததும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உன்னைத் திட்டத்தான்மா கூண்டுக்கு வந்தேன். நாற்காலில ஆள் இல்ல. பலகையைப் பாத்தா இருபத்தேழோட உன் ஒண்ணாம் நம்பரும் உள்ள தொங்குது..."  குழந்தை மாதிரி விசும்பினார். கரண்ட் விட்டிருக்கவில்லை.

வரைபடத்தில் அந்த இடத்துக்கு 'கிழக்கு நான்கு' என்று பெயர். மறுநாளிலிருந்து எந்த வேலையாளும் அப்படிச் சொல்லவில்லை. "எங்கடா இருக்கே?" "இருபத்தேழுல." சிமெண்ட் லாரிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், பிறகு டீக்கடைக்காரர், பிறகு பஸ் கண்டக்டர்கள். பெயர் வைக்கும் குழு மூன்று அழகான பெயர்களைக் கொண்டுவந்தது. ஒன்றும் வாயில் நிற்கவில்லை. பத்தொன்பதே ஸ்டேஷன் உள்ள தடத்தில் இருபத்தேழு எப்படி வந்தது என்று இன்றும் புதிதாக வருகிறவர்கள் விரலை மடக்கி எண்ணிப் பார்க்கிறார்கள். கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் அம்மாவிடமே கேட்கிறார்கள். அவள் "தெரியலீங்க, அடுத்தவங்க வாங்க" என்கிறாள். வில்லை வேலையிலிருந்து அவளை அங்கேதான் மாற்றியிருந்தார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுதினார்: பலகையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவளை வேலையில் வைத்திருக்கக் கூடாது. இன்னொருவர் எழுதினார்: உயிரைப் பணயம் வைத்து இறங்கியவளைப் பாராட்ட வேண்டும். இருவரும் ஒரே பெண்ணைப் பற்றித்தான் எழுதினார்கள், இரண்டுமே உண்மைதான். மூன்றாமவர் பேனாவைத் திறந்து, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்து, மூடிவிட்டுப் போய்விட்டார். கோப்பில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அந்தப் பேனா உங்கள் கையில் இருந்தால், சொல்லுங்களேன், நீங்கள் என்ன எழுதுவீர்கள்?